கிழங்கு லாரியில் ஒரு வீடு

பழைய லாரியில் வீடு கட்டப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் உடனே ஒரு தாளை எடுத்து நீள்சதுரம் போட ஆரம்பிக்கிறார்கள். இங்கே கட்டில், இங்கே அடுப்பு, மூலையில் கழிப்பறை. யூடியூபில் பார்த்த வண்டிகள் எல்லாம் அந்தத் தாளுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நான் அந்தப் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். சேசிஸ் எந்த நிலையில் இருக்கிறது, அதன்மேல் பெட்டி எப்படி உட்காரும், எடை எங்கெங்கே விழும், ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் தெளிவான பிறகு போடும் படம்தான் நிற்கும் என்று நம்புகிறேன். இந்தப் பதிவு முழுக்க அந்த விஷயங்கள்தான். கூடவே நம் ஊர் வெயில். அதை விட்டுவிட்டு இங்கே எதையும் கட்ட முடியாது.

வண்டி சித்தப்பாவுடையது. டாடா 407, 2012 மாடல், மரத்தொட்டி. ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துக் காடுகளிலிருந்து சேகோ ஃபேக்டரிகளுக்கு மரவள்ளிக் கிழங்கு அடித்த வண்டி. முட்டிவலி வந்த பிறகு சித்தப்பாவால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. டிரைவர் போட்டு ஓட்டினால் கட்டுபடியாகவில்லை. “வித்தா இரும்பு வெலைக்குத்தான் கேப்பாங்க. ஓடுன வண்டி, சும்மா நின்னா துருப்புடிச்சுப் போயிரும். நீயே எடுத்து எதாச்சும் பண்ணு கண்ணு” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

407-ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 1980-களின் நடுவில் இலகு ரக லாரிச் சந்தை முழுக்க ஜப்பான் கூட்டணிகள்தான்: டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிஸ்ஸான், ஸ்வராஜ் மஸ்தா, ஐச்சர் மிட்சுபிஷி. அவற்றுக்கு எதிரே 1986-ல் டாடா தன் சொந்த வண்டியாக 407-ஐ இறக்கியது. அந்தக் கூட்டணிப் பெயர்களில் பல இன்று ரோட்டில் இல்லை. 407 இன்னும் விற்பனையில் இருக்கிறது. எனக்கு இதனால் கிடைக்கும் லாபம் நேரடியானது. ஒடிசா எல்லையில் ஒரு வீல் சிலிண்டர் போனாலும், கர்நாடகாவில் ஏதோ ஒரு தாலுகா ஊரில் கிளட்ச் பிளேட் தேய்ந்தாலும், அங்கேயே பாகமும் கிடைக்கும், மாட்டத் தெரிந்த கையும் கிடைக்கும். வெளிநாட்டு கேம்பர் வண்டிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், வீடாக மாறும் வண்டிக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வேலை மரத்தொட்டியைக் கழற்றுவதில் தொடங்குகிறது. இப்போதைக்கு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்க முடிந்த அளவுக்குப் பார்த்துவிட்டேன். மரவள்ளியைப் பிடுங்கும்போது மண்ணோடுதான் வரும். மழைக்காலத்தில் ஈரமண். அது தொட்டிப் பலகைகளின் இடுக்கு வழியாக விழுந்து, சேசிஸின் ‘C’ வடிவச் சட்டத்துக்குள், கீழ் விளிம்பில் போய்ப் படியும். அங்கே காற்றும் படாது, தண்ணீர் அடித்தாலும் முழுக்கப் போகாது. ஸ்க்ரூடிரைவரால் அந்த மண்ணைச் சுரண்டி எடுத்தால் காய்ந்த அடைபோலத் துண்டு துண்டாக வருகிறது. அதன் அடிப்பக்கம் துருவின் செம்பழுப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. கமான் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டைச் சுற்றித்தான் இது அதிகம். சின்னச் சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். பின் பிராக்கெட்டுக்கு முன்னால் இரண்டு சாண் நீளத்துக்கு மட்டும் சத்தம் மந்தமாக வருகிறது. தொட்டி இறங்கியதும் அந்த இடத்தைச் சுத்தமாகத் தேய்த்து, கனம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அந்த அளவு தெரியும்வரை பெட்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய மாட்டேன்.

சேசிஸ் மொட்டையாக நிற்கும் அந்தச் சில வாரங்கள் பொன்னானவை. பிரேக் பைப்புகள், வீல் சிலிண்டர்கள், டீசல் டேங்க், பின்பக்க ஒயரிங் எல்லாவற்றையும் கை எட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் அது. பெட்டி ஏறிய பிறகு இதே வேலைகளுக்குப் படுத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் மொத்தப் பணத்தில் முதல் பங்கு இங்கேதான் போகிறது. உள்ளே சமையல் மேடை கிரானைட்டா, ஸ்டீலா என்பது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கிரானைட் வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு மலை ஏறுவதில் அர்த்தம் இல்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி: பெட்டி சேசிஸ் மேல் எப்படி உட்காரும்?

லாரி சேசிஸ் விறைப்பானது இல்லை. விறைப்பாக இருக்கக் கூடாது என்றே செய்திருக்கிறார்கள். இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றுக்கிடையே குறுக்குச் சட்டங்கள், இணைப்பெல்லாம் ரிவிட். முன் இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி, பின் வலது சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால், ஈரத் துணியைப் பிழிவதுபோல அந்தச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்குவதால்தான் நான்கு சக்கரமும் தரையை விடாமல் பிடிக்கின்றன. மரத்தொட்டிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. பலகையும் போல்ட்டும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ‘கிரீச்’ என்று சத்தம் போடும், அவ்வளவுதான். ஆனால் ஆறு பக்கமும் மூடிய பெட்டி விட்டுக்கொடுக்காது. அதைச் சேசிஸோடு எட்டு இடத்தில் இறுக்கிப் பிடித்தால் இரண்டில் ஒன்று உடையும். பெட்டி உடைந்தால் ஜன்னல் மூலைகளில் விரிசல் விடும், கதவு ஒருநாள் மூடும், ஒருநாள் மூடாது, கூரை மூட்டில் மழைத்தண்ணீர் இறங்கும். சேசிஸ் உடைந்தால், அது எங்கே உடையும், எந்த வேகத்தில் போகும்போது உடையும் என்று சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலுக்கு ஜெர்மனியின் யூனிமாக் வண்டிகளில் வீடு கட்டுகிறவர்கள் மூன்று புள்ளி, நான்கு புள்ளி என்று சுழலும் மூட்டுகள் வைத்துத் தீர்வு கண்டிருக்கிறார்கள். படங்களைப் பார்த்தேன், பிரமாதமான வேலை. ஆனால் இதற்குத் தேவையான அறிவு நம் நாமக்கல்லிலேயே கொட்டிக் கிடக்கிறது. எல்பிஜி டேங்கர்களுக்குப் பேர்போன ஊர் இது. டேங்கர் என்பது என்ன? துளியும் வளையாத ஓர் இரும்பு உருளை, வளைகிற சேசிஸ் மேல். பக்கத்தில் திருச்செங்கோடு, போர்வெல் வண்டிகளின் ஊர். ரிக்கும் கம்ப்ரஸரும் ஏற்றிய லாரிகள் இந்தியா முழுக்கக் காட்டுவழிகளில் இறங்கி ஏறுகின்றன. விறைப்பான சாமானை முறுக்குகிற சட்டத்தின்மேல் எப்படி உட்கார வைப்பது என்பது இங்கே பட்டறைகளில் தினசரி வேலை. கேம்பர் கட்டப் பெங்களூருக்கோ புனேவுக்கோ ஓட வேண்டியதில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

டேங்கர் கட்டும் பட்டறை மேஸ்திரி ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, நின்றுகொண்டிருந்த ஒரு வண்டிக்கு அடியில் கையைக் காட்டினார். பின்பக்கம் கனமான பிளேட் போட்டு அசையாமல் பிடித்திருந்தது. முன்பக்கம் நீளமான போல்ட், அதில் கெட்டியான சுருள் ஸ்பிரிங், அதன்மேல் நட்டு. “பின்னாடி இறுக்கிப் புடிக்கோணும். முன்னாடி மூச்சு விடோணும் தம்பி. சேசிஸ் முறுக்கறப்ப இந்த ஸ்பிரிங் அமுங்கி, மேல இருக்கறது ஒரு இஞ்ச் தூக்கிக்கும். மேடு தாண்டுனா திரும்ப உக்காந்துக்கும். அத்தனையும் இறுக்கிப்போட்டீங்கன்னா ஒரு வருசத்துல வந்து நிப்பீங்க” என்றார். நான் படித்த அத்தனையையும் அவர் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஆக, என் திட்டம் இது. சேசிஸ் மேல் நேரடியாகப் பெட்டி வராது. 50-க்கு 50 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் கனமுள்ள சதுரக் குழாயில் ஒரு துணைச்சட்டம் வரும். துணைச்சட்டத்துக்கும் சேசிஸுக்கும் இடையில் நெடுக ஒரு மரப்பட்டை. இரும்போடு இரும்பு உரசித் தேயாமல் இருக்க லாரிக்காரர்கள் காலங்காலமாக வைப்பது அது. பின் அச்சுக்கு மேலே பிளேட்டும் போல்ட்டும் போட்டு அசையாத பிடிப்பு. நடுவில் யு-போல்ட். முன்னால் ஸ்பிரிங் பிடிப்பு. யு-போல்ட்டை முறுக்கும்போது ‘C’ சட்டத்தின் விளிம்புகள் உள்பக்கமாக நசுங்கும். அதனால் ஒவ்வொரு யு-போல்ட்டுக்கும் நேராகச் சட்டத்துக்குள் ஒரு தாங்கு கட்டை வைக்க வேண்டும். சைலன்ஸர் பக்கத்தில் வரும் இடத்தில் மரம் கூடாது, இரும்புத் துண்டுதான். சேசிஸின் மேல் கீழ் விளிம்புகளில் துளை போடுவதும் இல்லை, வெல்டிங் வைப்பதும் இல்லை. விளிம்பில் போடும் ஒரு துளைதான் பின்னாளில் விரிசலுக்குப் பிள்ளையார் சுழி.

இதே காரணத்தால் கேபினிலிருந்து பின்பெட்டிக்கு உள்ளேயே நுழைந்து போகும் வழியும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கேபினும் பெட்டியும் தனித்தனியாக ஆடும். நடுவில் ரப்பர் கூடாரம் மாதிரி ஒன்று போடலாம்தான். ஆனால் அது மழையிலும் வெயிலிலும் எத்தனை நாள் தாங்கும் என்ற கவலையை நான் விலைக்கு வாங்க விரும்பவில்லை. இறங்கிப் பின்னால் நடந்துபோய்க் கதவைத் திறந்தால் போதும்.

எடைக் கணக்குக்கு வருகிறேன். ஆர்.சி.யில் எங்கள் வண்டியின் மொத்த எடை வரம்பு 5300 கிலோ. தொட்டியைக் கழற்றினால் சேசிஸும் கேபினும் 2000 கிலோவை ஒட்டி வரும். பெட்டியின் வெளி அளவு பத்தடி நீளம், ஆறேகால் அடி அகலம். உயரம் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டிய அளவு. பஃப் பேனலில் கட்டினால், அதாவது இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை நிரப்பிய பலகையில் கட்டினால், சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. ஆறு பக்கமும் சேர்த்தால் 320 கிலோவுக்குள் முடியும். துணைச்சட்டம் 110. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் 150 லிட்டர் டேங்க் 150 கிலோ. மர வேலைதான் சத்தமில்லாமல் ஏறும்: எட்டுக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று 35 கிலோவைத் தொடும். 12 மில்லிமீட்டர் என்றால் 23-க்குள். கட்டிலின் தாங்குமிடம் தவிர மற்ற எங்கும் 12 போதும். பேட்டரி, சோலார், ஃபிரிட்ஜ், கேஸ், துணிமணி, பாத்திரம், அரிசி, டூல்ஸ், ஸ்டெப்னி, நானும் மனைவியும் என்று எல்லாவற்றையும் போட்டாலும் 1400 கிலோ தாண்டவில்லை. மொத்தம் 3400, கூட வைத்தால் 3600.

டாடா ஏஸில் கேம்பர் கட்டுகிற நண்பர்களுக்கு எடைதான் எமன். அந்த வண்டியின் சுமையே முக்கால் டன். எனக்குப் பிரச்சினை தலைகீழ். இந்த வண்டி தாங்குமா என்று யாரும் கேட்க வேண்டாம். கிழங்கு மூட்டைகளுக்காகப் போட்ட கமான் பட்டைகள் இவ்வளவு லேசான வீட்டை ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கித் தூக்கிப் போடும். வெறும் லாரியில் பின்னால் நின்று போனவர்களுக்கு அந்தக் குலுக்கல் தெரியும். அந்தக் குலுக்கலில் அலமாரிக் கீல்களும் தண்ணீர்க் குழாய் மூட்டுகளும்தான் முதலில் கழன்று வரும். பட்டைகளைக் குறைப்பதா, மெல்லிய பட்டை மாற்றுவதா என்பதை இப்போதே முடிவு செய்யப் போவதில்லை. வீடு முழுக்கக் கட்டி, தண்ணீர் நிரப்பி, எடைமேடையில் முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியாக ஏற்றி எடை எடுத்த பிறகு, அந்தச் சீட்டோடு பட்டை அடிக்கும் பட்டறைக்குப் போக வேண்டும்.

எடை எங்கே விழ வேண்டும் என்று பார்த்தால் உள்ளமைப்பு தானாகவே வந்து விழுகிறது. கனமானவை எல்லாம் தாழ்வாக, இரண்டு அச்சுக்கும் நடுவில். தண்ணீர் டேங்க் பின் அச்சுக்குச் சற்று முன்னால் வலப்பக்கம். அதற்கு ஈடாகப் பேட்டரியும் டூல்ஸும் இடப்பக்கம். பின் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் கனம் ஏற்றினால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். அதனால் அங்கே லேசான சாமான் மட்டும்: கட்டில், அதற்கடியில் போர்வை, துணி. கட்டில் குறுக்குவாட்டில், சுவர்க் கனம் போக உள் அகலம் ஐந்தடி பதினோரு அங்குலம் கிடைக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் தாராளம். கதவு இடப்பக்கம், நாம் ரோட்டோரம் நிறுத்துவது அந்தப் பக்கம்தான். மொத்த உயரம் பத்தரை அடியை ஒட்டி வரும். ரயில்வே சுரங்கப்பாதைகளின் உயரத் தடுப்புக் கம்பிகளை நினைவில் வைத்து, அந்த எண்ணை டிரைவர் கண்முன் பெரிதாக எழுதி ஒட்டிவிடுவேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் சோதனை ஓட்டம் என்று ஆசை. உயரமான பெட்டி எப்படிச் சாய்கிறது என்பதை அதைவிட நன்றாக எந்தச் சாலையும் சொல்லாது.

இனி வெயில்.

கேம்பர் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. ஹீட்டர், பனி, சுவரில் நீர் கோப்பது. கரூரிலும் ஈரோட்டிலும் மே மாதம் 40 டிகிரியில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து பார்த்தவன் அதையெல்லாம் மூடி வைத்துவிட்டுக் கூரையைப் பற்றித்தான் முதலில் யோசிப்பான். வழக்கமாக லாரிப் பாடி கட்டும் முறையில் வெளித்தகடும் உள்தகடும் ஒரே இரும்புத் தூணில் அறையப்படும். நடுவில் தெர்மோகோல் அடைத்தாலும், வெப்பம் அந்த இரும்புத் தூண் வழியாக ராஜபாட்டையில் உள்ளே வந்துவிடும். உள்சுவரில் கையை வைத்துக்கொண்டே போனால் எங்கெங்கே தூண் இருக்கிறது என்று விரலே சொல்லும். பஃப் பேனலை நான் தேர்ந்தெடுத்ததற்கு எடையைவிட இதுதான் பெரிய காரணம். ஐஸ்கிரீமும் மீனும் ஏற்றும் குளிர்சாதன வண்டிகளுக்கு இதே பலகைதான். உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே இரும்பு இணைப்பு இல்லாமல், மூலைகளை ஃபைபர் பட்டையால் ஒட்டி முடிக்கிறார்கள். 50 மில்லிமீட்டர் எடுக்கிறேன். 60 இன்னும் நல்லது, ஆனால் அகலத்தில் ஒவ்வொரு விரல்கடையும் கட்டிலிலிருந்து போகிறது.

கூரைக்கு வெள்ளை. அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. சோலார் பலகைகளைக் கூரையில் ஒட்டாமல் மூன்று அங்குலம் தூக்கி மாட்டினால் அவையே இரண்டாவது கூரையாக நிழல் கொடுக்கும், நடுவில் காற்றும் ஓடும். சின்ன ஜன்னல்கள், எதிரெதிரே, மேலே கீல் வைத்து வெளிப்பக்கம் தூக்கும் பலகை. திறந்தால் அதுவே சன்ஷேட். கூரையில் சூடான காற்றை வெளியே இழுக்கும் ஒரு ஃபேன். எல்லாத் திறப்புக்கும் கொசுவலை. இதை யாரும் படத்தில் வரைவதில்லை, ஆனால் இது இல்லாமல் ஓர் இரவு தூங்க முடியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பத்தை உள்ளே விடாத பெட்டி, உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியிலும் விடாது. ஒரு வேளைச் சோறும் குழம்பும் உள்ளே வைத்தால் இரவு முழுக்க அந்தச் சூட்டில்தான் படுக்க வேண்டும். அதனால் அடுப்பு வெளியே. கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு மடங்கும் ஒரு மேடை, மேலே இழுத்துக் கட்டும் தார்ப்பாய். மழை கொட்டும் நாளுக்கு மட்டும் உள்ளே ஒற்றை அடுப்பு. லாரி டிரைவர்கள் இவ்வளவு காலமும் வண்டி ஓரத்தில் ஸ்டவ் வைத்துப் பொங்கித்தானே சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஏசி கேட்டார்கள், வீட்டிலும் கேட்டார்கள். கணக்கு இதுதான்: 280 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட், மூன்றரை யூனிட் மின்சாரம். ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கும். பத்து மணிக்குப் போட்டால் ஒன்றரை மணிக்கு இருட்டு. கூரையில் 160 வாட் பலகை மூன்றுக்குத்தான் இடம்; நல்ல வெயில் நாளில் இரண்டு யூனிட்டை ஒட்டிக் கிடைக்கும். அது 12 வோல்ட் ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், விளக்கு, தண்ணீர் பம்ப், போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் போதும், மழை நாளுக்கும் மிச்சம் இருக்கும். ஏசிக்குப் போதாது. ஜெனரேட்டர் வைத்துப் பக்கத்தில் இருப்பவர் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறைகிறது. மே மாதம் வண்டி மலையில் இருக்கும், தை மாதம் கடற்கரையில் இருக்கும். சக்கரம் வைத்த வீட்டுக்கு அதுதான் ஏசி. பேட்டரியில் மட்டும் பழைய இன்வெர்ட்டர் டியூபுலரைப் போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்க மாட்டேன். அந்த நான்கு லித்தியம் செல்லும் சேர்ந்தே 22 கிலோதான். அதே மின்சாரத்துக்கு டியூபுலர் என்றால் ஒவ்வொன்றையும் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

கேஸ் விஷயத்தில் ஒரே விதி: எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஐந்து கிலோ சிலிண்டர் உள்ளே வராது. வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தனிப் பெட்டி, அதன் அடித்தளத்தில் திறந்த துளை, கசிந்தால் கீழே ரோட்டுக்குப் போய்விட வேண்டும். கழிப்பறை வேண்டுமா என்ற கேள்விக்கு மனைவி ஒரே வாக்கியத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்: “ராத்திரி பங்க்குல எறங்கி நான் போக மாட்டேங்க.” கழற்றி எடுத்துக் கொட்டும் வகைக் கையடக்கக் கழிப்பறை, கதவுக்குப் பின்னால், திரையோடு. இடம் போகிறது, போகட்டும்.

கடைசியில் சொல்வதால் கடைசி வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இரும்பு வாங்கும் முன்பே முடிய வேண்டியது காகிதம். எங்கள் ஆர்.சி.யில் இது சரக்கு வண்டி, திறந்த பாடி, மஞ்சள் போர்டு. மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல் என்பதால் பெர்மிட் உண்டு. எட்டு வருடம் தாண்டியதால் வருடாவருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். 15 வருடம் தாண்டும் வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு ஏறியிருக்கிறது, நமக்கு அதுவும் தூரத்தில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றுவதைப் பற்றியது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிச் சொன்னது: கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில் பதிவான அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. “நம்மூர்ல யாரு கேக்கப் போறா” என்பது பல பேர் சொல்லும் பதில். வண்டி மோதி யாருக்காவது அடிபட்டால் காப்பீட்டுக் கம்பெனி கேட்கும், நீதிமன்றம் கேட்கும். இரண்டு பேர் குடும்பமாகத் தூங்கப்போகும் வண்டியை அந்த நம்பிக்கையில் ரோட்டில் இறக்க எனக்குச் சம்மதமில்லை.

வழி இருக்கிறது: வண்டியைக் கேம்பர் வேனாக வகை மாற்றிப் பதிவு செய்வது. போக்குவரத்து வாகனம் எது, அல்லாதது எது என்று மத்திய அரசு 2004 நவம்பரில் வெளியிட்ட பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் இரண்டாவது வகையில் வருகிறது. போர்வெல் ரிக் ஏற்றிய வண்டிகளும் அதே வகைதான். வீட்டு வண்டிகளுக்கான பாதுகாப்பு விதிகள் ஏ.ஐ.எஸ். 124 என்ற தரத்தில் இருக்கின்றன. படுக்கை, கேஸ், அவசர வெளியேற்றம் எல்லாவற்றையும் அந்தத் தரத்தைக் கையில் வைத்துக்கொண்டே வரைய வேண்டும். லைசென்ஸ் கவலை இல்லை: 7500 கிலோ வரை இலகு ரக லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிவிட்டது.

பெட்டியைக் கழற்றி இறக்கக்கூடிய சாமானாக வைத்துக்கொண்டு, வண்டியைச் சரக்கு வண்டியாகவே விட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அதில் ஓட்டும்போது பின்னால் யாரும் உட்காரக் கூடாது, அது எனக்குப் பிரச்சினையில்லை, நாங்கள் இரண்டு பேரும் கேபினில்தான் வருவோம். ஆனால் பெர்மிட்டும் மஞ்சள் போர்டும் அப்படியே தொடரும், மாநில எல்லைகளில் ‘என்ன லோடு’ என்ற கேள்வியும் தொடரும். எனக்கு முதல் வழியே சரியாகப் படுகிறது.

அடுத்த வாரம் இரண்டு வேலை. முதலில் எடைமேடை: தொட்டியோடு காலி வண்டியின் முன் அச்சு, பின் அச்சு எடை தனித்தனியாக. பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ். துணைச்சட்டத்தின் வரைபடம், பெட்டியின் வெளி அளவு, எடைக் கணக்கு, ஆர்.சி. நகல் நான்கையும் ஒரு ஃபைலில் போட்டு, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் மூன்று கேள்வி எழுத்தில் கேட்கப் போகிறேன். தொட்டியைக் கழற்றும் முன் அனுமதி வாங்க வேண்டுமா, கழற்றிக் காட்டிய பிறகா? வகை மாற்றத்துக்கு வெளிச் சோதனை நிறுவனத்தின் சான்று வேண்டுமென்றால் ஒரகடத்தில் இருக்கும் மையத்தின் அறிக்கையை ஏற்பார்களா? மாற்றம் பதிவாகும்வரை வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போக என்ன ஏற்பாடு? பதில் எழுத்தில் வந்ததும் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்துவிடுவேன். சித்தப்பா இப்போதே தொட்டிப் பலகைகளை யாருக்குக் கொடுப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.